சம்பந்தியம்மா முதுகில் உருண்டது அழுக்கு அல்ல

மாசான்,
குளியல்கூடத்துத் தொட்டிகளைக் காலிசெய்து கழுவும் செவ்வாய்க்கிழமை.

என் செல்ல மகள் நாரேவுக்கு,

அம்மா மால்சுன் எழுதுவது. உப்பு அறையின் சூட்டில் முழங்கால் வலி அடங்கி நான் சுகம். நீயும் ஓசோங் ஆராய்ச்சிக்கூடத்தில் உன் குடுவைகளோடு சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை ஆகப்போகிற தேஹூனுக்கும் என் ஆசி. ஆகப்போகிறாரா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. அந்த நேரம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஆவி இறங்கி வந்து எல்லா முகங்களையும் கரைத்துவிடும், தண்ணீர் விழும் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் கேட்கும், கை தானாகத் தேய்த்துக்கொண்டிருக்க நான் பாதி தூக்கத்தில் மிதப்பேன். இருபத்தாறு வருஷமாக இந்தப் பொதுக் குளியல்கூடத்தில் கூலிக்குத் தேய்த்த முதுகெல்லாம் சேர்ந்து ஒரே முதுகாக நீண்டு கிடப்பதாகவும், அதன்மேல் நான் வெறுங்காலோடு நடந்துபோவதாகவும் அன்றைக்குத் தோன்றியது. அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், கணுக்காலில் இருபத்தேழாம் எண் துணி அலமாரியின் சாவியை மாட்டிய ஓர் அம்மா, அரைமணி நேரம் வெந்நீரில் ஊறிவிட்டு வந்து, என் மேசையில் குப்புறப் படுத்தார். பார்த்துப் பழகாத முதுகு. அழுக்குத் தேய்க்கும் முரட்டுப் பச்சைத் துணியைக் கையில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தேனோ இல்லையோ, அழுக்கு சேமியா சேமியாக உருண்டு வந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தது. தோளிலிருந்து இடுப்புவரை, இடுப்பிலிருந்து குதிகால்வரை, வந்துகொண்டே இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும், மனுஷ அழுக்கு சாம்பல் நிறமாகத்தான் வரும். கனவில் நடந்துகொண்டிருந்தவளுக்கு அது எங்கே உறைக்கும்?

வாய் சும்மா இருந்ததா? இல்லை.

"ஏம்மா, கடைசியா எப்போ குளிச்சீங்க? போன ஜனாதிபதி காலத்துலயா?"

தொட்டியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ஓடுகளில் பட்டுப் பட்டு நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் தினமும் குளிக்கிறவ," என்றார் அந்த அம்மா, மேசையில் அழுந்திய வாயால். "மூணு மாசமா கிரீம் வேற பூசுறேன். வரப்போற மருமக தன் கையால செஞ்சு குடுத்தது. இன்னிக்குக் காலைல மூணு தடவ பூசிட்டு வந்தேன்."

"அப்படியா! மருமக எந்த ஊரு?"

"ஓசோங்ல ஆராய்ச்சிக்கூடம். நாரேன்னு பேரு."

நான் அவர் இடுப்பில் இரண்டு தட்டு தட்டினேன். வேண்டுமென்று தட்டவில்லை, உன் பேரைக் கேட்டதும் கை தானாகத் தட்டிவிட்டது. எங்கள் தொழிலில் இரண்டு தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும் என்று அர்த்தமல்லவா, அவரும் திரும்பினார். கறுப்பு உள்ளாடையும் பச்சைத் துணியுமாக நின்றுகொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் மால்சுனா? இந்தக் குளியல்கூடத்துல தோல் பராமரிப்புத் துறையில இருக்காங்கன்னு உங்க பொண்ணு சொன்னா. ஞாயித்துக்கிழமை சந்திப்புக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தோல் பராமரிப்புத் துறை! அடி நாரே, பொய் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் உள்ளே சுருக்கென்று குத்தியது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் எடுக்கிறவள், நீ போடுகிறவள், இரண்டும் தோல்தான். சம்பந்தியம்மா எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு, முன்பக்கம் தேய்க்காமலே போய்விட்டார். பாதி தேய்த்த மனுஷியை அனுப்பிவைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாயங்காலம் தேஹூன் உனக்கு அனுப்பிய செய்தியை நீ அப்படியே எனக்கு அனுப்பினாய்: வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த இரு வீட்டார் சந்திப்பைத் தள்ளிவைக்கலாமா என்று அம்மா கேட்கிறாராம். அதன்கீழே நீ கேட்டிருந்தாய், "என்னம்மா செஞ்ச?" என்ன செய்தேன்? தேய்த்தேன்.

அன்றைக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும், உடைமாற்றும் அறையில் அவர் மறந்துவிட்டுப் போன உன் கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைப் பியோவிடம் போனேன். அந்த ஆள் பூதக்கண்ணாடி வைத்து டப்பாவின் முதுகைப் படித்துவிட்டு, "அக்கா, இது அழுக்கே இல்ல. பாலிமர்," என்றார். நூல்போல நீளநீளமான மூலக்கூறுகள், தொழிற்சாலையில் மனுஷர் செய்தவை, கிரீமின் ஈரத்துக்குள் மிதந்துகொண்டிருக்குமாம். பூசியதும் ஈரம் பறந்துபோக, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஆடையாகத் தோலின்மேல் படிந்துவிடுமாம். உள்ளே போகாதாம். உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாதாம். அடுக்கு அடுக்காகப் பூசி, வெந்நீரில் ஊறி, முரட்டுத் துணியால் தேய்த்தால் உருண்டுகொண்டு வருமாம். சோயாப்பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையைக் குச்சியால் தூக்குவோமே, அதுதான் என்று எனக்குப் பிடிபட்டது. இருந்தாலும் பியோ சொன்னதை அப்படியே நம்பிவிடுவேனா? வீட்டுக்கு வந்து நம் எவர்சில்வர் தட்டில் உன் கிரீமை மூன்று தடவை பூசிக் காயவைத்து, வெந்நீர் தெளித்துத் தேய்த்தேன். தட்டிலிருந்தும் சேமியா! எவர்சில்வர் தட்டுக்கு எங்கிருந்தடி வந்தது அழுக்கு?

அதன்பிறகு கனவிலெல்லாம் அந்த ஆடைதான் வருகிறது. குளியல்கூடம் முழுக்கப் பெண்கள் கண்ணாடிபோன்ற மெல்லிய ஒன்றைப் போர்த்திக்கொண்டு தண்ணீருக்குமேல் மெதுவாக மிதக்கிறார்கள். நான் ஒரு நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க அது கிழியாமல் வந்துகொண்டே இருக்கிறது, மாசான் கடற்கரைவரை நீள்கிறது, காற்றில் எழும்புகிறது. அதன் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய். உன்னைக் கூப்பிடுகிறேன், உனக்குக் கேட்கவில்லை. என்னோடு நீ குளிக்க வந்து எட்டு வருஷம் ஆகிறது என்பது விழித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அழுதேன், வெட்கம் என்ன.

ஆகவே இதுதான் என் கட்டளை. ஒன்று, அந்தக் கிரீமை இனிமேல் யாருக்கும் கொடுக்காதே, ஊருக்குள் இருக்கும் மானமுள்ள பெண்களையெல்லாம் அழுக்குப்பிடித்தவர்களாக்கிவிடும். அப்புறம், லீவு போட்டுவிட்டு, உன் வெள்ளைக் கோட்டையும் மாட்டிக்கொண்டு இங்கே வா. தட்டோடு சம்பந்தியம்மா வீட்டுக்குப் போவோம். அவர் கண்முன்னால் தேய்த்துக்காட்டி, மூலக்கூறு கதையை நீ சொல், காலில் விழுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கல்யாணம் என் வாயால் நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு துணியைக் கையில் மாட்டுவேன்?

வேளைக்குச் சாப்பிடு, கிம்ச்சி அனுப்பியிருக்கிறேன். உன் கைகளும் உன் குடுவைகளும் நீடூழி வாழட்டும்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. உறையை ஒட்டப்போனேன், சம்பந்தியம்மா வந்து வீட்டு வாசலில் நிற்கிறார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவர் என்னைப் பேசவே விடவில்லை. "எனக்கு ஒரே பையன், பொண்ணு கிடையாது. புருஷன் போனப்புறம் ஏழு வருஷமா என் முதுகத் தொட ஆள் இல்ல. அன்னிக்கு நீங்க தேய்ச்சதுல ஏழு வருஷமும் உருண்டு விழுந்துருச்சு. வீட்டுக்குப் போய் குழந்தை மாதிரி தூங்கினேன். எல்லாரும் சிரிச்சதுல வெக்கமாப் போச்சு, அதான் ஞாயித்துக்கிழமை வேணாம்னேன். இப்ப வேணும். ஓட்டல்ல வேணாம், உங்க குளியல்கூடத்துலயே," என்றார். தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மூலக்கூறு பற்றி அவரிடம் மூச்சுவிடாதே. கோட்டு வேண்டாம், துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு வா. இந்தத் தடவை முதுகை மருமகள்தான் தேய்க்க வேண்டுமாம், ஏழு வருஷத்துக்கு முன்னால் இருந்த அழுக்கும் இன்னும் பாக்கியிருக்கிறதாம். அதனால், நீ தேய்க்கும்போதும் உருண்டு வர வேண்டுமே, சனிக்கிழமைக்குள் அவருக்கு அந்தக் கிரீம் இரண்டு டப்பா அனுப்பிவிடு.