பேரிகேட் எங்கேயோ, அங்கே நான்

நான் வாழ்க்கையில் அதிகாரத்தில் இருந்தது மொத்தம் இருபத்தொன்பது நாட்கள். அதில் இருபத்தெட்டு நாட்கள் யாரும் என்னை மதிக்கவில்லை. இருபத்தொன்பதாவது நாள் மேற்கு தாம்பரமே என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றது. நின்றது என்றால் நிஜமாகவே நின்றது. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் போக முடியாமல்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். பல்லாவரத்தில் தோல் வேலை நாலு மாதம், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை, நடுவில் திருப்பூர், அப்புறம் லாரியில் கிளீனராக நாக்பூர் வரை. கஷ்டமாக இருக்கிறது என்று எந்த வேலையையும் விட்டதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் வேறு பக்கம் போகும், அவ்வளவுதான். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்திருக்கிறேன் (எந்தத் தூண் ஓரம் சாரல் அடிக்காது என்று இப்போது கேட்டாலும் காட்டுவேன்).

கடைசியில் பெரும்பாக்கத்தில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு ஒரு கல்யாணம் செய்து வைத்தால்தான் தன் வீட்டு ஹால் தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முடிச்சூரில் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிற கோதண்டம் என்பவரின் மகள் சுமதியைப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று சுமதி காபியைக் கொடுத்துவிட்டு, "நாக்பூர்ல ஆரஞ்சு நெஜமாவே அவ்ளோ நல்லா இருக்குமா?" என்று கேட்டாள். நான் ஊர் சுற்றியதை ஒரு குறையாகக் கேட்காத முதல் ஆள். அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன்.

கோதண்டம் விழவில்லை. "பையனைப் பாத்தா நல்லவனாத்தான் கீறான். ஆனா எங்கியும் நிக்க மாட்டான்னு சொல்றாங்க. ஒரே வேலை, ஒரே எடம், ஒரு மாசம். நின்னு காட்டச் சொல்லு. முப்பத்தோராவது நாள் தட்டு மாத்திக்கலாம்" என்றார் அக்காவிடம்.

அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மேற்கு தாம்பரம் கடைத்தெருவில் காவல் வேலைக்குச் சேர்ந்தேன். கடைத்தெருவில் நெரிசல் தாங்காமல், காலை பத்து மணிக்கு மேல் காரோ வேனோ லோடு வண்டியோ உள்ளே நுழையக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். தெரு வாயிலில் சக்கரம் வைத்த ஒரு இரும்புத் தடுப்பு. அதைப் பேரிகேட் என்பார்கள். எனக்கு ஒரு பச்சைச் சட்டை, ஒரு விசில். வண்டிகள் எல்லாம் நூறு அடி தள்ளி இருக்கிற பின்தெரு வழியாகப் போக வேண்டும். அதற்கு அம்புக்குறி போட்ட ஒரு போர்டு கம்பத்தில் இருந்தது.

தேவராஜ் என்பவர் எனக்கு சூப்பர்வைசர். முதல் நாளே இரண்டு பாடம் சொன்னார். "ஒண்ணு, பேரிகேட்டை விட்டு நகராதே. பேரிகேட் எங்கயோ அங்க நீ. ரெண்டு, டிரைவர் மூஞ்சியைப் பாக்காதே. பாத்தா பாவமா இருக்கும், விட்டுடுவே. முன் கண்ணாடியை மட்டும் பாரு. பச்சை பாஸ் ஒட்டியிருந்தா உள்ள. இல்லன்னா வெளிய."

எளிதாகத்தான் தெரிந்தது. ஆனால் முதல் வாரம் பாஸ் பச்சை. இரண்டாம் வாரம் மஞ்சள். பச்சை செல்லாது என்று எனக்குச் சொன்னது தேவராஜ் சார் அல்ல, ஒரு பூக்கடை அக்கா. திங்கட்கிழமை ஆட்டோ போகலாம் என்றார்கள், புதன்கிழமை போகக் கூடாது என்றார்கள். ஒருவர் மஞ்சள் கல்யாணப் பத்திரிகையைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் மஞ்சள்தூள் பாக்கெட்டை. நான் இரண்டு பேரையும் உள்ளே விட்டேன் (மஞ்சள் என்றுதானே சொன்னார்கள்?). விதி எப்போது மாறும், யார் மாற்றுகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாறினால் கடைசியாகத் தெரியப்போவது எனக்குத்தான் என்பது மட்டும் புரிந்தது.

இந்த ஞானத்தோடுதான் இருபத்தொன்பதாவது நாள் காலை வேலைக்குப் போனேன். கடைத்தெரு வாயிலில் பேரிகேட் இல்லை. தேடினேன். பின்தெரு வாயிலில் குறுக்கே நின்றது. அதன் மேல் ஒரு சாமந்திச் சரம் வேறு சுற்றியிருந்தது. சரி, தடையைப் பின்தெருவுக்கு மாற்றிவிட்டார்கள், புது இடம் என்பதால் பூ போட்டுத் திறந்திருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன்.

கண்மூடித்தனமாகச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. தேவராஜ் சாருக்குப் போன் போட்டேன். அவர் பைக்கில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

"சார், பேரிகேட்டு..."

"பேரிகேட் இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா..."

"இருந்தா அங்கயே நில்லு. எது வந்தாலும் விடாதே. இன்னிக்கு முகூர்த்த நாள், கூட்டம் சாஸ்தியா இருக்கும்." வைத்துவிட்டார்.

நின்றேன்.

நடந்தது இதுதான். விதியை மதிக்காதவர்கள் எல்லாம் காவல் இல்லாத கடைத்தெருவுக்குள் வண்டியை விட்டு, அரை மணியில் உள்ளே அடைத்துக்கொண்டார்கள். விதியை மதிக்கிற நல்லவர்கள் அம்புக்குறியைப் பார்த்து, ஒழுங்காகத் திரும்பி, பின்தெருவுக்கு வந்து என்னிடம் மாட்டினார்கள். நான் அவர்களைக் கடைத்தெருவுக்குத் திருப்பி அனுப்பினேன். அங்கே போர்டு அவர்களை என்னிடம் திருப்பி அனுப்பியது.

ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இரண்டாம் முறை வந்தபோது தலையை வெளியே நீட்டினார். "இன்னாபா நீ? அங்க போனா போர்டு இங்க போங்குது. இங்க வந்தா நீ அங்க போங்குற. நான் இன்னா சவாரி ஓட்றனா, ராட்டினம் ஓட்றனா?"

பின்னாலிருந்த அம்மா, "நானு ஏறுனப்ப பஸ் ஸ்டாண்டு ரெண்டு நிமிசம்னான். ரெண்டு தபா பஸ் ஸ்டாண்டைப் பாத்துட்டேன், எறங்கத்தான் முடில" என்றார்.

எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. குழம்பினால் எனக்கு ஒரு பழக்கம், சத்தமாக விசில் ஊதுவேன். ஊதினேன்.

ஒரு குட்டியானை வந்தது. அந்தச் சின்ன லோடு வண்டி நிறைய நீலத் தண்ணீர் கேன்கள். கண்ணாடியைப் பார்த்தேன், மஞ்சள் இல்லை. முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டித் திருப்பினேன். பத்து நிமிடம் கழித்து அதே வண்டி. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ஏங்க..." என்றது.

"ஏங்க, வாங்க எல்லாம் வேணாம். பாஸ் இருக்கா?" என்றேன் கண்ணாடியைப் பார்த்து.

மூன்றாம் முறை வந்தபோது வண்டி நின்று கதவு திறந்தது. ஒரு பெண் இறங்கி, எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் மூஞ்சியைப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். சுமதி. அவளுக்குப் பின்னால், ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக்கொண்டு கோதண்டம். ஒரு மாதம் நிற்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார். முதலில் கடைத்தெருவுக்குப் போய், நான் அங்கே இல்லாததைப் பார்த்து, "நான் சொல்லல? ஓடிட்டான்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். என் வாயிலிருந்து விசில் விழுந்தது.

சுமதி பேரிகேட்டைச் சுற்றி வந்தாள். சாமந்திச் சரத்தைத் தொட்டாள். "இது நேத்து ராத்திரி கட்டின பூ. இந்தத் தெருவுல யார் வீட்லயோ விசேஷம். பந்தல் போட்ட எடத்துல வண்டி வரக் கூடாதுன்னு இதை இழுத்துட்டு வந்து போட்டிருக்காங்க. பந்தலைப் பிரிச்சவங்க இதை மறந்துட்டாங்க."

எதிர் வீட்டு வாசலில் இருந்த அம்மா உற்சாகமாக, "ஆமாம்மா, எம் பொண்ணுக்குத்தான் மஞ்சத்தண்ணி ஊத்துனோம். லட்டு மிச்சம் கீது, துன்றியா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து தேவராஜ் சார் ஓடி வந்தார். பைக் கடைத்தெரு நெரிசலில் சிக்கிக்கொண்டதால் நடந்தே வந்திருந்தார்.

"உன்னை யார்யா இங்க நிக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

பின்னால் முப்பது நாற்பது வண்டிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது முழுதும் கேட்கவில்லை. "கழட்டு" என்பது மட்டும் கேட்டது. பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வேலை போவது எனக்குப் புதிதல்ல. ஆனால் நானாக விடாமல் போன முதல் வேலை அது. ஒரு நாள் பாக்கி. ஒரே ஒரு நாள்.

கோதண்டத்தின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மறுபடி கண்ணாடியையே பார்த்தேன். சுமதி பேரிகேட்டை ஒற்றை ஆளாகத் தள்ளி ஓரமாக விட்டாள். வண்டிகள் பின்தெருவில் நகர ஆரம்பித்தன. ஷேர் ஆட்டோ அம்மா போகிற போக்கில் எனக்குக் கையை ஆட்டினார்.

கோதண்டம் இறங்கி வந்து தேவராஜ் சார் தோளைத் தட்டினார்.

"சார், இவன் எங்கியும் நிக்க மாட்டான்னு ஊரே சொல்லிச்சு. நான் மூணு ரவுண்டு வந்தேன். மூணு தபாவும் அதே எடத்துல நின்னுகினு கீறான். இத்தினி பேர் திட்டுனாங்கோ, ஒரு அடி நவுரல. தப்பான எடந்தான், இல்லேங்கல. ஆனா நின்னான்." என்னிடம் திரும்பினார். "ஏம்பா, நீ வூட்டுக்கு அடங்குவியான்னு பாக்க வந்தேன். உன்னை வூட்லேருந்து கெளப்புறதுதான் கஷ்டம்போல."

"அப்போ ஒரு மாசம்?" என்று அசடாகக் கேட்டேன்.

"மிச்சம் ஒரு நாளுக்கு நம்ம வண்டியில வந்து நில்லு. கேன் எறக்கணும்."

அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. அந்தக் குட்டியானையை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். கல்யாணத்தன்று மண்டப வாசலில் சுமதியின் பெரியப்பா பையன்கள் இரண்டு நாற்காலியைக் குறுக்கே போட்டு, மாப்பிள்ளையிடம் மஞ்சள் பாஸ் கேட்டார்கள். தாலியில் மஞ்சள் இருக்கிறதே என்று நான் வாதாடியதற்குப் பிறகுதான் விட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இப்போதும் டெலிவரி முடித்து வீட்டுக்கு வந்தால் சில நாள் சுமதி வாசற்படியில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். மூக்குக் கண்ணாடியை மட்டும் பார்ப்பாள்.

"பாஸ் இருக்கா?"

"இல்ல."

"அப்போ ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. வரப்போ அப்படியே ரெண்டு பால் பாக்கெட்."

போய் வாங்கிக்கொண்டு வருகிறேன். உள்ளேயிருந்து மாமனார் கத்துவார்: "இன்னும் ரெண்டு ரவுண்டு பாக்கி கீதும்மா, வுட்டுடாதே!"