உது வெறும் சூடு

பாம்பில் எத்தனை வகை, பல்லியில் எத்தனை வகை என்று எண்ணி வைத்திருக்கிறவர்கள் யாழ்ப்பாணத்துச் சூட்டுக்காரரை மட்டும் எப்படித் தவறவிட்டார்களோ தெரியவில்லை. ஒழுங்கைக்கு ஒருவராவது உண்டு. சூட்டுக்காரர் என்றதும் கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதருக்கு வருகிற அத்தனை நோய் வருத்தத்துக்கும் ஒரே காரணம் உடம்புச் சூடுதான் என்று கண்டுபிடித்துவிட்டவருக்குக் கோபம் எதற்கு? உங்களுக்குத் தலையிடியா? சூடு. கண் சிவந்திருக்கிறதா? சூடு. வாய்ப்புண், முகப்பரு, மூக்கால் இரத்தம், பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டது? சூடு, சூடு, சூடு. கடைசிக்கு மட்டும் சூட்டோடு கொஞ்சம் ஊரார் நாவூறும் சேரும்.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்துவோம். இணுவில் கேதீஸ்வரன். வயது நாற்பத்தாறு. வீடுவீடாகப் போய் மின்சார மீற்றர் பார்க்கிற உத்தியோகம். இந்த இனத்துக்கு இதைவிடத் தோதான உத்தியோகம் கிடையாது. எந்தப் படலையும் திறக்கும், எந்த நாயும் வாலாட்டும், மீற்றரைப் பார்க்க அரை நிமிடம் போதும், மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்காரரின் நாக்கைப் பார்க்கலாம். "நாக்கை நீட்டுங்கோ பாப்பம்… ஆ! நான் நினைச்சனான். சூடு!" செவ்விளநீர் குடி, வெந்தயம் ஊறப்போடு, நல்லெண்ணெய் வைத்து முழுகு என்று மூன்று மருந்தையும் படலையடியிலேயே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சொன்னதைச் செய்து சுகம் வந்தால் அவருடைய கெட்டித்தனம். வராவிட்டால் நீங்கள் முழுகின நாள் சரியில்லை.

படித்த வைத்தியர்களைப் பற்றிக் கேட்டால் மனிதர் உதட்டைச் சுழிப்பார். "டொக்டர்மார் எண்டால் வெட்டத்தான் பாப்பினம். ஸ்கான் எடுத்தால் ஆருக்குத்தான் ஒண்டும் காட்டாது?" ஞாயிற்றுக்கிழமை ஆடு அடித்துப் பங்கு போடும்போது முதல் ஆளாக ஓலைப்பெட்டியோடு நிற்பவரும் இவர்தான். ஆட்டிறைச்சி சூடாம், கூட வைக்கிற தயிர்ச்சம்பல் குளிராம், ஆகவே இரண்டுக்கும் சரிக்குச் சரியாம். சாராயம் சூடா குளிரா என்று கேட்டால், அது குடிக்கிறவரின் உடம்பைப் பொறுத்தது என்பார். அவருடைய உடம்புக்கு அது குளிர்!

இவர் இப்படியே ஊரைக் குளிரவைத்துக்கொண்டு திரிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவருக்கு ஒரு தம்பி இருந்தான்.

சயந்தன், வயது முப்பத்துநாலு. சந்தியில் கைபேசி திருத்துகிற கடை. வீட்டில் மனைவி தனுஷா, இப்போதுதான் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருக்கிற ஒரு பெண்பிள்ளை. காலையில் கடைவாசலில் றோல்ஸும் பிளேன்ரீயும், மத்தியானம் கொத்துரொட்டியும் போத்தல் சோடாவும், இரவில் பொரித்த கோழி அல்லது சோசேஜ், இடையில் வெளியே போய் ஒரு சிகரட். காலையில் கதிரையில் குந்தினால் இரவில்தான் எழும்புவான். கடையிலிருந்து தேத்தண்ணிக் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிளில்தான் போவான், அது எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. கீரை என்றால் அவனுக்கு ஆட்டுக்குப் போடுகிற சாமான்.

தை மாதத்தில் ஒருநாள் அவன் கக்கூசில் இரத்தம் கண்டான். அடுத்த கிழமையும் கண்டான். யாருக்குச் சொன்னான்? மனைவிக்கா? வைத்தியருக்கா? யாழ்ப்பாணத்து ஆம்பிளை வெளிநாட்டிலுள்ள மச்சானின் விசா விபரத்தைக்கூடச் சந்தியில் நின்று சொல்லுவான், கக்கூசில் கண்டதை மட்டும் சொல்லமாட்டான். மிஞ்சிமிஞ்சிப் போனால் வீட்டிலுள்ள சூட்டுக்காரரின் காதில் மட்டும் போடுவான். சயந்தனும் அண்ணனின் காதில்தான் போட்டான்.

"அண்ணை, வெளிக்குப் போகேக்கை இரத்தம் போகுது."

"நோகுதோ?"

"இல்லை."

"நோகேல்லை எண்டால் பிறகென்ன, உது வெறும் சூடு. நாள் முழுக்கக் கதிரையிலை குந்தியிருந்தால் சூடேறாமல் என்ன செய்யும்? மூலச்சூடு. தனுவுக்குச் சொல்லிப்போடாதை. பொம்பிளையள் உடனை ஆஸ்பத்திரி எண்டு துள்ளுவினம்."

கவனித்தீர்களா? கதிரைவரைக்கும் மனிதர் சரியாகத்தான் வந்தார். எழும்பி நட, கண்டதைத் தின்னாதே, நாளைக்கே போய் வைத்தியரிடம் காட்டு என்று இன்னும் நாலு சொல் சொல்லியிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் அவருக்குச் சூடு வந்த இடத்தோடு கதை முடிந்துவிடும்.

வெந்தயம் ஊறியது. செவ்விளநீர் இறங்கியது. இரத்தம் நிற்கவில்லை. பிறகு கந்தசுவாமி கோயிலில் கொடியேறியது. இணுவிலில் கொடியேறினால் வீட்டில் மச்சமாமிசமும் கிடையாது, சாராயமும் கிடையாது. திருவிழா முடியும்வரை சயந்தன் மரக்கறிச் சோறு தின்றான், கீரை தின்றான், வாழைப்பொத்தி வறை தின்றான், வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய் வந்தான். அந்த நாட்களில் இரத்தம் வரவில்லை. கேதீஸ்வரனுக்குத் தலைகால் தெரியவில்லை. தேர்வடத்தைப் பிடித்துக்கொண்டே தம்பியைப் பார்த்துக் கத்தினார்:

"பாத்தியோ! நான் சொன்னனான் எல்லோ? சூடு தணிஞ்சிட்டுது!"

இந்த வருத்தத்தில் இரத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். நின்றால் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த மரக்கறியும் அந்த நடையும் வருசம் முழுக்க உடம்புக்கு நல்லவை என்பது வேறு கதை. அதைக் கண்டுபிடித்திருந்தால் மனிதருக்கு ஒரு சிலையே வைக்கலாம். தீர்த்தம் முடிந்த அடுத்த ஞாயிறு அவர் கண்டுபிடித்தது கொழுத்த கிடாய் ஒன்றை. தம்பிக்கும் சேர்த்துப் பங்கு எடுத்தார்.

இரத்தம் திரும்பி வந்தது. வயிறு ஒருநாள் இறுகியது, மறுநாள் இளகியது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சந்தியில் கண்டவர்கள் எல்லாம், "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய், ஜிம்முக்குப் போறியோ?" என்று கேட்டார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அண்ணனிடம் மறுபடி போனான். "உது அலைச்சல், சூட்டோடை அலைச்சலும் சேந்திட்டுது," என்றார் அவர். நோய் வளர வளர மனிதரின் அகராதியும் ஒரு சொல்லால் வளர்ந்துவிட்டது.

அவனைக் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? மின்வெட்டு. கரண்ட் இல்லாமல் மோட்டர் ஓடவில்லை, தாங்கியில் தண்ணீர் இல்லை, சயந்தன் ஊற்ற வழியில்லாமல் வாளியைத் தேடிப் போன நேரத்தில் தனுஷா கக்கூஸ் கதவைத் திறந்துவிட்டாள்.

"இதென்ன இது? எப்பையிலையிருந்து போகுது?"

"சத்தம் போடாதை. அது சூடு. அண்ணை சொன்னவர்."

"உங்கடை அண்ணை மீற்றர் பாக்கிறவரோ, குடல் பாக்கிறவரோ? வெளிக்கிடுங்கோ!"

அன்றே அவனை இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று வீடே கிளம்பிப் போனது. தாய் மீனாம்பிகை ஒரு கதிரையில், தனுஷாவும் சயந்தனும் பக்கத்தில், கேதீஸ்வரன் எல்லாருக்கும் முன்னால். நோயாளியிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

வைத்தியர் இளம் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மூலமில்லை. பெருங்குடலிலை புற்றுநோய். பக்கத்து நிணநீர்க் கட்டியளுக்கும் போயிருக்கு. ஒப்பரேசன் செய்யவேணும், பிறகு மருந்தும் ஏத்தவேணும். நம்பிக்கை இருக்கு. ஆனால் முதல் இரத்தம் கண்ட உடனை வந்திருந்தால் வெட்டினதோடை முடிஞ்சிருக்கக்கூடும்."

"முப்பத்துநாலு வயசு டொக்டர்! உது வயசு போன ஆக்களுக்கு வாறதெல்லோ?" என்றார் கேதீஸ்வரன்.

"முந்தி அப்பிடித்தான் நினைச்சம். இப்ப இந்த வயசிலையும் கூடிக்கொண்டு வருது. ஏனெண்டு முழுக்கத் தெரியாது. சாப்பாடு, உடம்பு நிறை, குடி, சிகரட், அசையாமல் இருக்கிறது, எல்லாத்துக்கும் பங்கிருக்கு. நார்ச்சத்து உள்ளதைச் சாப்பிட்டு, சோசேஜ் மாதிரிச் சாமானையும் இறைச்சியையும் குறைச்சு, ஒவ்வொருநாளும் நடந்தால் ஆபத்துக் குறையும், இல்லாமல் போகாது. அதாலை இரத்தம் கண்டால் எந்த வயசெண்டாலும் வந்து காட்டவேணும். சரி, உங்கடை குடும்பத்திலை வேறை ஆருக்கும் இது வந்ததோ?"

"சீச்சீ! எங்கடை பரம்பரையிலை உது கிடையாது."

"அப்பா என்ன வருத்தத்திலை காலமானவர்?"

"அவருக்கு… சூடு முத்தி…"

"நிப்பாட்டு கேதீஸ்!" என்றார் மீனாம்பிகை. அந்த மனுசி அதட்டி ஒருவரும் கேட்டதில்லை. "டொக்டர், இவையின்ரை தேப்பனுக்கும் உதுதான். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். வருத்தத்தின்ரை பேர் வெளியிலை போனால் குழம்பிப்போடுமெண்டு ஊருக்குச் சூடெண்டு சொன்னனாங்கள். செவ்வாய்க்குச் செவ்வாய் அம்மன் கோயிலுக்குப் போறமெண்டு சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனாங்கள். கூட்டிக்கொண்டு போனது இவன்தான்."

வெளியூர்க்காரருக்கு விளங்காது, சொல்லிவிடுகிறேன். தெல்லிப்பளையில் பெயர்போன துர்க்கை அம்மன் கோயில் உண்டு, புற்றுநோய் ஆஸ்பத்திரியும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பஸ். செவ்வாய்க்கிழமை அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பக்தர்கள்தான் என்று நடத்துனர்கூட நம்பமாட்டார். ஆனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், அது நம்மவரின் நாகரிகம். அப்பா படுத்த காலத்தில் கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்த சயந்தனுக்கும் அதே சூட்டுக் கதையைத்தான் தொலைபேசியில் சொன்னார்கள்.

சயந்தன் அண்ணனின் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும். நான் இரத்தம் போகுதெண்டு வந்து சொல்லேக்கை உங்களுக்குத் தெரியும்."

கேதீஸ்வரன் சுவரில் எங்கேயாவது மீற்றர் இருக்கிறதா என்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சியின் கலியாணத்துக்காக ஒரு பொய் சொன்னார், போகட்டும், அந்த ஊரில் அந்த நேரத்தில் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். ஊருக்குச் சொன்ன பொய்யைச் சொல்லிச் சொல்லித் தானே நம்பி, அதையே மருந்தாக்கிச் சொந்தத் தம்பிக்கு மாதக்கணக்கில் ஊட்டியவரை என்ன செய்வது? எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிகிறது.

வைத்தியர் அவர் பக்கம் திரும்பினார். "தகப்பனுக்கும் தம்பிக்கும் இருக்கு. நீங்களும் கட்டாயம் குழாய் விட்டுப் பாக்கவேணும். உங்களுக்கு இரத்தம் ஏதும் போறதோ?"

"எனக்கோ? எனக்கு உந்த வருத்தம் ஒண்டுமில்லை டொக்டர்." மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குப் போறது வெறும் சூடு."

வைத்தியர் பேனையை எடுத்து அவருடைய பெயரையும் எழுதினார். தான் என்ன சொன்னார் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

அவருக்கும் குழாய் விட்டார்கள். இரண்டு முளை இருந்தன. இன்னும் சில வருசம் விட்டிருந்தால் புற்றாகக்கூடியவை, பார்த்த உடனேயே கத்தரித்து எடுத்துவிட்டார்கள். அன்று பின்னேரமே வீடு வந்து சேர்ந்தார். தம்பியின் வருத்தம் அண்ணனைக் காப்பாற்றிவிட்டது. அண்ணனின் வைத்தியம் தம்பியை என்ன செய்யப் போகிறது என்று இன்னும் சொல்லத் தெரியாது. சயந்தனுக்கு ஒப்பரேசன் முடிந்து மருந்து ஏற்றுகிறார்கள். தலைமயிர் மெல்லியதாகிவிட்டது, விரல்நுனி விறைத்துப்போய்ச் சின்னத் திருகாணி பிடிக்க வராததால் கடை பூட்டிக் கிடக்கிறது. பஸ்ஸில் யாராவது, "அம்மன் கோயிலுக்கோ, பிள்ளை?" என்று கேட்டால் தனுஷா எல்லாருக்கும் கேட்கச் சொல்லுகிறாள்: "இல்லை, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. உங்களுக்கும் இரத்தம் கண்டால் வாங்கோ."

கேதீஸ்வரன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. போன கிழமை மீற்றர் பார்க்கப் போன வீட்டில் தன் முளைக் கதையை விரித்துச் சொல்லி முடித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான் எல்லோ, எனக்கு ஒண்டுமில்லை எண்டு?" என்றாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கோ. இதைக் கைபேசியில் வாசிக்கிறவர்களில் பாதிப்பேராவது இப்போது எங்கே குந்தியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? தண்ணீரை ஊற்றுமுன் ஒருக்கால் குனிந்து பாருங்கள். சிவப்பாக ஏதும் தெரிகிறதா? சரி, நேற்று இறைச்சிக் கறிக்கு மிளகாய்த்தூள் கூடிப்போச்சு என்று உங்கள் வாய் இப்போது முணுமுணுத்ததே, அது யாருடைய குரல்?