அருவிக்குப் போன அலமாரி

ஒரு காட்டில், வயதான விலங்குகளைப் புலி பார்த்துக்கொள்ளும் பழைய வழக்கம் ஒழிந்து, காப்பகம் பார்த்துக்கொள்ளும் நாகரிகம் வந்திருந்தது. புலிக்கு இதில் வருத்தம்தான். ஆனால் அதற்கும் பல் போய், அதே காப்பகத்தில் சேர்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்ததால் வெளியில் சொல்லவில்லை.

காப்பகத்தின் மேலாளர் ஒரு கொக்கு. எதைக் கேட்டாலும் அது ஒரு விதியைச் சொல்லும். விதி இல்லாத விஷயமாக இருந்தால், கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டுத்தான் மறுகாலைக் கீழே வைக்கும். மருந்து கொடுக்கும் பொறுப்பு சிஸ்டர் ஆமைக்கு. நல்ல கைராசி. காலை மாத்திரை காலையிலேயே போய்ச் சேர வேண்டும் என்று முந்தின நாள் மாலையே கிளம்பிவிடும் அளவுக்குக் கடமையுணர்ச்சி.

அங்கே வேழம்மாள் என்று ஒரு யானை இருந்தது. அதற்குத் தலைசுற்றல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பலாக்கொட்டை அளவில் ஒரு மாத்திரை போட்டால் ஒன்றும் செய்யாது. தவறினால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும்; பின்னால் இருப்பது எதுவோ அதன்மேல் உட்கார்ந்துவிடும். போன வருஷம் சந்தைக்குக் கூட்டிப்போனவர்கள் மாத்திரையை எடுத்துப்போக மறந்தார்கள். வேழம்மாள் வெள்ளாட்டின் டீக்கடைமேல் உட்கார்ந்துவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு குட்டை இருக்கிறது. தவளைகளுக்கு அதில் சந்தோஷம், வெள்ளாடு மட்டும் இன்னும் பேசுவதில்லை.

அன்றிலிருந்து வேழம்மாளை யாரும் எங்கும் அழைத்துப்போகவில்லை. பாவம், அது கேட்டதெல்லாம் ஒன்றுதான். மலையில் இருக்கும் அருவிக்குக் கீழே ஒரு தடவை தலையைக் காட்ட வேண்டும். காப்பகத்துக் குழாயில் வரும் தண்ணீர், யானையின் ஒரு காதுக்குக்கூடக் காணாது.

அந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது. எல்லோரும் அருவிக்குப் போகலாம் என்று முடிவானது.

"மருந்துக்கு என்ன செய்யறது?" என்று கேட்டது சிஸ்டர் ஆமை.

"மத்தியான மாத்திரையை மட்டும் பேர் எழுதி ஒரு டப்பால போட்டு, சிஸ்டர் கையில குடுத்தா ஆச்சு" என்றது கரடி தேனப்பன். அதற்குச் சர்க்கரை வியாதி. பேசும்போது மீசையில் தேன் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொக்கு அதிர்ந்துபோனது. "டப்பாவா? மருந்து பூட்டின அலமாரியை விட்டு வெளியே வரக் கூடாது. அது விதி."

"அப்போ அருவிக்கு?"

கொக்கு ஒரு காலைத் தூக்கிக் கண்ணை மூடியது. எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கடைசியில் கால் கீழே வந்தது.

"அலமாரியையே எடுத்துப் போகலாம்."

இரும்பு அலமாரி. தூக்குவது யார் என்ற கேள்வி எழுந்ததும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. இப்படித்தான் வேழம்மாளுக்கு வெளியே போகும் வாய்ப்புக் கிடைத்தது.

"ஒரே ஒரு விஷயம்மா" என்றது கொக்கு. "இந்தத் தடவையும் ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா, இனிமே வெளியே போறதுங்கற பேச்சே கிடையாது."

"ஒண்ணும் ஆகாது சார். மருந்து என் முதுகு மேலயே இருக்கே" என்றது வேழம்மாள். வாழ்நாளில் அதன் காதுகள் அவ்வளவு வேகமாக ஆடியதில்லை.

ஊர்வலம் கிளம்பியது. யானைமேல் அலமாரி, அலமாரிமேல் சிஸ்டர் ஆமை. வழியில் பார்த்தவர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிஸ்டரும் மறுக்காமல் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தது.

அருவிக்கரையில் அலமாரியை இறக்கி வைத்தார்கள். புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் ஆயிற்று. மாத்திரை பக்கத்திலேயே இருக்கிற தைரியத்தில் தேனப்பன் பாறையிடுக்கிலிருந்த தேனடையை வழித்து நக்கியிருந்தது. வேழம்மாள் அருவியையே பார்த்துக்கொண்டு நின்றது. மாத்திரையைப் போட்டால், நேரே தண்ணீருக்குள் போக வேண்டியதுதான்.

"சார், சாவி" என்றது சிஸ்டர் ஆமை.

"என்ன சாவி?"

"அலமாரி சாவி."

"அது ஆபீஸ்ல ஆணியில தொங்குது. சாவி ஆபீஸை விட்டு வெளியே வரக் கூடாது. விதி" என்றது கொக்கு, பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அதற்கே உறைத்தது.

எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள். அருவி மட்டும் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றது சிஸ்டர் ஆமை. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நான் போறேன்" என்றது தேனப்பன்.

"இங்க தங்கியிருக்கறவங்க சாவியைத் தொடக் கூடாது" என்றது கொக்கு.

"அப்போ நீங்க போங்க சார். றெக்கை இருக்கே, பறந்துட்டு வந்துடலாமே!"

"மேலாளர் உங்களை விட்டுட்டு ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது. உங்க பாதுகாப்பு முக்கியமில்லையா?"

"அக்காவுக்குக் கண்ணு சொருகுது சார்!"

வேழம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த புலி அலறியடித்து எழுந்தது. "ஒண்ணுமேயில்ல" என்று வலப்பக்கம் சாய்ந்தது. அங்கே கொக்கு முதன்முறையாக இரண்டு கால்களையும் பயன்படுத்தியது. பிறகு வேழம்மாளுக்கு அருவி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. பின்னாலே இருந்தது அலமாரி. அதன்மேல் உட்கார்ந்தது.

டமாரென்ற சத்தத்தில் மலையே ஆடியது. அலமாரி பூட்டோடு சேர்ந்து அப்பளமாகி, கதவு தனியே தெறித்து விழுந்தது. நல்லவேளையாக மாத்திரைகள் முன்பே தட்டையானவை. சிஸ்டர் ஆமை பாய்ந்து (அதாவது, அதன் கணக்கில் பாய்ந்து) சரியான அட்டையைத் தேடி எடுத்தது.

"பேர் சொல்லுங்க."

"சிஸ்டர்... என்னைத் தெரியாதா உங்களுக்கு?" என்று முனகியது யானை.

"தெரிஞ்சாலும் கேட்டுட்டுத்தான் குடுக்கணும். ஆள் மாறிடக் கூடாது பாருங்க."

அந்த மலையில் அன்று இருந்த ஒரே யானை தன் பெயரைச் சொல்லி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டது. தேனப்பனும் தன்னுடையதை விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் வேழம்மாளுக்குத் தலை தெளிந்தது. ஆசையோடு அருவியைப் பார்த்து நடந்து தும்பிக்கை நுனியை நனைத்தபோது, கொக்கு விசிலடித்தது.

"விபத்து நடந்த இடத்துல யாரும் இருக்கக் கூடாது. எல்லாரும் கிளம்புங்க."

மறுநாள் விசாரணை. கொக்கு கேட்டது: "சாவியில்லாம அலமாரியைத் திறந்தது யாரு? ஏன் கேக்கறேன்னா, அவங்க இல்லாம இனிமே எந்தச் சுற்றுலாவும் போக முடியாது."

வேழம்மாளின் காதுகள் மறுபடி ஆடின. உண்மையில் அது எதையும் திறக்கவில்லை. மயங்கி உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அருவி கண்முன்னே வந்து நின்றது. "நான்தான் சார் திறந்தேன். யோசிச்சு, திட்டம் போட்டுத் திறந்தேன்" என்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். கொக்கு ஒற்றைக்காலில் நின்று யோசித்துவிட்டு அறிவித்தது: "இன்று முதல் வேழம்மாள் இந்தக் காப்பகத்தின் அதிகாரப்பூர்வமான அவசரச் சாவி." மாலை போட்டார்கள். வேழம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. தேனப்பன் அதைவிட அதிகமாக அழுதது.

புது அலமாரி வந்தது. அடுத்த மாதம் மறுபடி அருவிக்குக் கிளம்பினார்கள். அலமாரியை ஏற்ற எருமை வண்டி வாசலில் நின்றது. வேழம்மாள் விடியற்காலையிலேயே எழுந்து, துண்டைத் தந்தத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது.

"நீங்க எங்கேம்மா?" என்றது கொக்கு.

"அருவிக்கு. நான்தானே சாவி?"

"அதனாலதான் கேக்கறேன்" என்றது கொக்கு மிகுந்த மரியாதையுடன். "சாவி ஆபீஸை விட்டு வெளியே வரக் கூடாதே."

வண்டி போய்விட்டது. வேழம்மாள் அலுவலகத்தில், சுவரிலிருந்த ஆணிக்குப் பக்கத்தில் நின்றது. ஆணியில் புது அலமாரியின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. வேழம்மாள் அதையே வெகுநேரம் பார்த்தது. பிறகு மூலையிலிருந்த பானையிலிருந்து தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சித் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டது. பானை காலியாகிவிட்டது. நெற்றிகூட முழுசாக நனையவில்லை.

தூரத்தில் மலைப்பக்கமிருந்து தேனப்பனின் குரல் கேட்டது: "சார்! சாவி எங்க சார்?"

நீதி: தலை சுற்றினால் வெறும் தரையில் உட்காரவும். உபயோகமான பொருளின்மேல் உட்கார்ந்தால் பதவி கொடுத்துவிடுவார்கள்.