மாமனாரின் நாலாவது தலை

எனக்குப் படம் வரைய வரும் என்பதைக் கல்யாணத்தின்போதே மறைத்திருக்க வேண்டும். எங்கம்மா எங்கே விட்டாள்? பெண் பார்க்க வந்தவர்களிடம் முதலில் சொன்னதே அதைத்தான்.

அறுபதுகளில் நடந்தது. மாமனார் நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசிப்பவர். கறம்பக்குடியில் அவருக்குப் பாராட்டு விழா. காலத்துக்குக் காலம் அவர் மாற்றிய கோலங்களை நாலு படமாக மேடையில் மாட்டலாம் என்று என் வீட்டுக்காரர் விழாக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். (வாக்கு அவருது, வேலை என்னுது.) நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகளோடு நேருக்கு நேர் பேசுவது அப்போது வழக்கமில்லை. படத்தைப் பார்த்தாவது ‘நல்லாருக்கு’ என்று சொல்ல மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

பழைய போட்டோக்களைப் பார்த்து மூன்றை முடித்தேன். குடுமியோடு ஒன்று, கிராப்பும் அரும்பு மீசையுமாக ஒன்று, சினிமாக்காரர் மாதிரி நெளிமுடியோடு ஒன்று. நாலாவதுக்குப் போட்டோ எதற்கு? ஆள்தான் வீட்டிலேயே இருக்கிறாரே! வீட்டிலும் தெருவிலும் எந்நேரமும் தலையில் துண்டு கட்டியிருப்பார். ஒருநாள் கிணற்றடியில் துண்டில்லாமல் பார்த்துவிட்டேன். வழுக்கையென்றால் வழுக்கை, ஒரு முடி இல்லை. அப்படியே வரைந்தேன். வெயில் பட்டு மின்னியதைக்கூட விடவில்லை. (பெரிய கெட்டிக்காரி!) யாருக்கும் காட்டாமல் துணி போட்டு மூடியும் வைத்தேன்.

விழாவன்று மேடையைப் பார்த்தேன். நெற்றியில் புரளும் கருகரு முடியோடு மாமனார் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க இது?” என்றேன்.

“டோப்பா. மேடையேறுனா வச்சுக்குவாரு. ஒனக்கு யாரும் சொல்லலையா? வெளியில ஒருத்தருக்கும் தெரியாது, வாயைத் தொறந்துராத” என்றார் வீட்டுக்காரர்.

நான் எங்கே திறந்தேன்? அதற்குள் மேடையில் துணியை எடுத்துவிட்டார்கள்.

கூட்டம் படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருத்தன், “அண்ணே, இதுல எதுண்ணே நெசம்?” என்று கத்தினான். ஐயோ, அத்தனை வருசம் அவர் காப்பாற்றிய மானத்தை நான் ஆணியடித்து மாட்டிவிட்டேனே! அப்படியே பிறந்த வீட்டுக்கு பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது.

மாமனார் எழுந்து படத்தருகே போனார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு டோப்பாவைக் கழற்றிப் படத்தின் ஆணியிலேயே மாட்டினார். கூட்டம் ஓவென்று சிரித்தது. அவர் பெண்கள் பக்கம் என்னைத் தேடிப் பிடித்து, “தாயி, மூக்கைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுட்ட. தலை சரியா வந்திருக்கு” என்றார்.

என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் டோப்பாவைத் தொடவேயில்லை. எங்கள் வீட்டில் யார் எதை ஒளித்தாலும் இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரே மிரட்டல்தான்: “நீயா சொல்லிரு. இல்லாட்டி அம்மா வரஞ்சிரும்.”