முன்னறையில் ஆள் இருக்கிறார்

இனிமேல் மனைவியிடம் சொல்லாமல்தான் வீட்டுக்கு வருவது என்று ஒரு சபதம் எடுத்தேன். மற்ற கணவன்மார்கள் சொல்லாமல் போகத்தான் சபதம் எடுப்பார்கள். என் பிழைப்பு தலைகீழ்.

நான் பேக்கிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். பிஸ்கட், சோப்பு, மாத்திரை, எதுவானாலும் சுற்றிப் பொட்டலம் கட்டுகிற மெஷின்கள். எந்த ஊரில் எது நின்றாலும் நான் ஓட வேண்டும். மாதத்தில் முக்கால்வாசி நாள் லாட்ஜ் கட்டில்தான். சும்மா சுற்றினால் ஊர்சுற்றி; சம்பளத்துக்குச் சுற்றினால் சர்வீஸ் இன்ஜினீயர்.

பயணக் கலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சட்டையை மடிக்கக்கூடாது, சுருட்ட வேண்டும். லிஃப்டை ஒட்டிய ரூமை வாங்கவே கூடாது. ரூமுக்குள் நுழையுமுன் கதவு நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நேற்றைய ஊரின் நம்பரை நினைத்துக்கொண்டு இன்றைய ஊரில் எவன் கதவையோ தட்டுவோம். சார்ஜரை மறக்காமலிருக்க ஒரு ஷூவை அதன் பக்கத்தில் கழற்றி வைக்க வேண்டும். ஒற்றை ஷூவோடு ரயிலேறுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. போனில் ரயில் எங்கே வருகிறது என்று காட்ட ஓர் ஆப், சிக்னலே இல்லாத ஊரில் வழி காட்ட ஓர் ஆப், பில்லைப் படம்பிடித்து ஆபீசுக்கு அனுப்ப ஒன்று, தூக்கம் வராத ராத்திரிக்கு மழைச் சத்தம் போட ஒன்று. மழைச் சத்தத்தைத்தான் அதிகம் உபயோகித்திருக்கிறேன்.

மனைவிக்காகவும் இரண்டு ஆப் போட்டிருந்தேன். ஒன்றில் என் பயணத் தேதிகள் அவள் போனிலும் தெரியும். இன்னொன்றில் நான் இருக்கிற இடம் நீலப் புள்ளியாகத் தெரியும்.

"எங்க போனாலும் நான் உன் கையிலதான் இருக்கேன், பாத்தியா?" என்றேன் பெருமையாக.

"புள்ளியாத்தானே" என்றாள்.

மகள் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவள் பேச்சும் சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. போன் செய்தால் இப்படித்தான் போகும்:

"நாளைக்கு வர்றேன்."

"சரி."

"இல்ல, ரெண்டு நாள் தள்ளிப்போகுது."

"சரி."

"இங்க ஃபாக்டரி தீப்புடிச்சு எரியுதுடி."

"சரி, பாத்து வாங்க."

எதுவும் எரியவில்லை. சோதனைக்காகச் சொன்னேன். எரிந்தது என் வயிறுதான்.

அதனால்தான் சபதம். வேலையை ஒருநாள் முன்னதாக முடித்து, சொல்லாமல் போய் நிற்க வேண்டும். கதவைத் திறந்ததும் அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். இடைஞ்சல், அந்த நீலப் புள்ளி. அது ஆபீஸ் போனில் இருக்கிறது. அப்போது வேலை ஒரு சோப்புக் கம்பெனியில்; அடுத்த வாரமும் அங்கேதானே வர வேண்டும் என்று, அந்தப் போனை அங்கிருந்த ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்தேன்.

"நாளைக்கு வரைக்கும் என் புள்ளியைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"எத்தனை வயசுப் புள்ளைங்க?"

"புள்ளை இல்லைங்க, புள்ளி."

விளக்கினேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு வேறென்னவோ புரிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டு மணியை அடித்தேன். கதவு திறந்தது. தோளில் துண்டும் மூக்கில் கண்ணாடியுமாக, முன்பின் தெரியாத ஓர் ஆண் நின்றார். அனிச்சையாக என் சொந்தப் போனை எடுத்துக் கதவு நம்பரைப் படம்பிடித்துப் பார்த்தேன். என் வீட்டு நம்பரேதான்.

"யாருங்க வேணும்?" என்றார்.

"இது என் வீடு."

"அப்படியா? வாங்க, உக்காருங்க. நிக்கிறீங்களே."

"நீங்க யாரு?"

"நான் முன்னறைங்க."

"முன்னறையா?"

"ஆமாங்க. வீட்டுக்காரர் நாளைக்குத்தானே வர்றாரு? ஆப்புல அப்படித்தான் போட்டிருந்துச்சு. நானும் நாளைக்குக் காலைல காலி பண்ணிருவேன்."

ஆப்புதான். சந்தேகமில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி ஈரக்கையோடு வந்தாள். நான் ரயிலில் வழிநெடுக எதிர்பார்த்து வந்த ஆச்சரியம் அவள் முகத்தில் வரத்தான் செய்தது. ஆனால் அது, கடையை எடுத்து வைக்கிற நேரத்தில் வந்து நிற்கிறவனைப் பார்க்கிற ஆச்சரியம்.

"நீங்களா! நாளைக்குன்னுதானே போட்டிருக்கு?"

உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டே உயர்த்தினேன்.

"யாரு அந்த ஆளு?"

"மூக்குக்கண்ணாடிக் கம்பெனிக்காரர். கடைகடையா ஃப்ரேம் காட்டி ஆர்டர் புடிக்கிறவர். வேலையா வர்றவங்களுக்கு வீட்டு ரூம் தர்ற ஆப் ஒண்ணு இருக்கு. நீங்க இல்லாத நாள்ல முன்னறையைக் குடுக்கிறேன். உங்களுக்கு முன்னாடியே சொன்னேனே."

"எப்பச் சொன்னே?"

"போன்ல. நீங்க 'சரி'ன்னீங்க."

இது நடந்திருக்கக் கூடியதே. அதனால் மேலே போனேன்.

"நான் இல்லாத நாள் உனக்கு எப்படி அவ்வளவு சரியாத் தெரியும்?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். தேதிகளை வாராவாரம் நானே அல்லவா ஏற்றிக்கொண்டிருந்தேன்?

"சொல்லாம கொள்ளாம ஒரு ஆம்பளையை வீட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு நிமிஷம்" என்று அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். "இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான். உன் எதிர்ல."

"இல்லையே. உங்க புள்ளி அழகு நிலையத்துல இருக்கே. பெண்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு."

ஸ்டோர் கீப்பர் பாவி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

"அது... போனை அங்க ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு வந்தேன். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"ஓ. புள்ளியை அங்க விட்டுட்டு ஆளு இங்க வரலாம்."

"ஆமா."

"அப்ப இத்தனை வருஷமா புள்ளி இருந்த இடத்துலதான் ஆளும் இருந்தீங்கங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

கேள்வி கேட்க உள்ளே போனவன் பதில் சொல்லிச் சொல்லி வேர்த்து வெளியே வந்தேன். ஊரெல்லாம் பொட்டலம் கட்டுகிறவனை, நூல்கூட இல்லாமல் பொட்டலம் கட்டிவிட்டாள்.

சாப்பிடும்போது கண்ணாடிக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது நாற்காலி மட்டும்தான். அன்றைக்கு ஒரு கடையில் நடந்ததைச் சொன்னார். கண் தெரியாமல் கண்ணாடி வாங்க வந்த பெரியவர், சுவரிலிருந்த விளம்பரப் படத்திடம் விலை பேசி, பாதிக்குக் குறைத்தும் விட்டாராம். என் மனைவி சிரித்தாள். தலையைச் சாய்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அந்தச் சிரிப்பு எந்த ஊரில் தொலைந்துபோனது என்று எத்தனையோ லாட்ஜில் படுத்து யோசித்திருக்கிறேன். வீட்டில்தான் இருந்திருக்கிறது.

"உங்க வீட்டு ரூம் பிரமாதங்க" என்றார் அவர் என்னிடம். "தலைமாட்டுலயே ப்ளக் பாயின்ட். ஜன்னல் திரையில கிளிப். யாரோ ஊர்ஊராப் போயி நொந்தவன்தான் இப்படிச் செய்வான்."

"நான்தான்" என்றேன். கோபத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவர் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹாலில் சோபாவின் மேல் எனக்கு ஒரு போர்வை வந்து விழுந்தது. விடியுமுன் கிளம்புகிறவன் என்று முன்னறை எனக்கு ஒதுக்கப்பட்டுப் பல வருஷமாகிறது. முன்னறையும் போனால் எனக்கு இந்த வீட்டில் இடம் ஹால்தான்.

"பணத்துக்கா இதெல்லாம் செய்யிறே?" என்று கேட்டேன்.

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள்.

"பணமா! பூட்டின ரூமுக்குப் பக்கத்துல தனியாப் படுத்துப் பாருங்க, தெரியும். புள்ளையும் ஹாஸ்டல் போனதுக்கு அப்புறம் ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னாக்கூடத் தூக்கிப்போட்டு முழிச்சுக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது இருமினா, தண்ணி குடிச்சா, செருப்பை இழுத்து நடந்தா, மனுஷங்க இருக்கற வீடுன்னு தோணுது. போதும்."

அப்போது முன்னறையிலிருந்து குறட்டை கிளம்பியது. நீளமாக ஏறி, ஓர் இடத்தில் தயங்கி, சீட்டியடித்து இறங்கியது.

"உங்களுது மாதிரியே இல்ல?" என்றாள் மெதுவாக. "முதல்ல வந்தவர் சத்தமே இல்லாமத் தூங்கினார். எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. இவர் வந்தப்பதான் நல்லாத் தூங்கினேன்."

வெளியூரில் நான் மழைச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு படுத்த நேரத்திலெல்லாம் இவள் ஒரு குறட்டைச் சத்தத்தைத் தேடிக்கொண்டு படுத்திருக்கிறாள். அதற்கு என் போனில் ஆப் இல்லை. அவள் உள்ளறைக்குப் போனதும் தூங்கிவிட்டாள். சோபாவில் எனக்குத்தான் கால் நீட்ட இடமில்லை.

காலையில் கண்ணாடிக்காரர் பெட்டியோடு கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். இருவரும் ஒரே மாதிரிப் பெட்டி வைத்திருந்தோம். ஒரே சக்கரம் தேய்ந்திருந்தது.

"உங்க வீட்டம்மா நல்லவங்கங்க" என்றார். "என் வீட்ல நான் போனா, எப்பக் கிளம்புறீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து, மனைவியின் எதிரிலேயே, மானேஜருக்குப் போன் போட்டேன். இனி வெளியூர் வேலை வேண்டாம், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, இங்கேயே வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன். மானேஜர் மறுப்பார் என்று நினைத்தேன். ரொம்பச் சுலபமாக, ஒன்றாம் தேதியிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

திரும்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது. சபதம் எடுத்தேனே, அந்த முகம் இதுதான்.

"நெசமாவா? இனிமே போகவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"தினமும் வீட்டுக்கு வந்துருவீங்களா?"

"தினமும்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்தா?"

"ஆமா. ஏன்?"

"அன்னிக்கு ஒரு டீச்சரம்மா வர்றாங்க. பரீட்சைப் பேப்பர் திருத்த. ரெண்டு வாரம். வேற எங்கயும் ரூம் கிடைக்கலையாம், பாவம்."

"முடியாதுன்னு சொல்லிரு."

"வாக்குக் குடுத்துட்டு எப்படிங்க மாத்துறது?"

"அப்ப நான் உள்ளறைல படுத்துக்கறேன்."

"உங்க குறட்டை சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாத்தாங்க தாலாட்டு."

"சோபாலயாவது..."

"அவங்க பேப்பரைப் பரப்பி வச்சுக்க ஹாலும் வேணும்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"பின்ன நான் எங்கடி போறது?"

"உங்களுக்கா இடமில்ல?" என்றாள் அன்பாக. "எந்த ஊர்ல எந்த ரூம் நல்லாருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

மானேஜருக்கு மறுபடியும் போன் செய்து, எந்த ஊரிலாவது மெஷின் நின்றுபோயிருக்கிறதா என்று கேட்டேன்.