தணிகாசலக் காளான்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இல்லாத, சொல்லப்போனால் யாருமே ராஜாவாக இல்லாத, மழை பெய்தால் காளான் மட்டும் ஏகத்துக்கு முளைக்கிற ஒரு காட்டில், தணிகாசலம் என்ற முள்ளம்பன்றி குடும்பம் நடத்திவந்தார். பேச்சுக்குத்தான் அப்படிச் சொல்கிறேன். நடத்தியதெல்லாம் அவர் பெண்சாதி பவளக்கொடி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக ஒரு காளான் கண்ணில் பட்டால், அதை யாராவது தின்று பார்ப்பார்கள். தின்றவர் செத்துப்போனால் அது விஷக்காளான். செத்தவர் பெயரையே அதற்கு வைத்துவிடுவார்கள். சாகவில்லை என்றால் நல்ல காளான். அதற்குப் பெயரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பறித்துத் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

மூங்கில் புதரோரம் ஒரு வெள்ளைக் காளான் வரும். கழுத்தில் வளையம், அடியில் கிண்ணம் மாதிரி ஒன்று, பார்க்க அம்சமாக இருக்கும். அதன் பெயர் ஏகாம்பரக் காளான். ஏகாம்பரம் என்பவர் பவளக்கொடியின் கூடப்பிறந்த அண்ணன். நல்ல சாப்பாட்டுப் பிரியர். அவர் போன நாளிலிருந்து அவர் சம்சாரத்துக்கு, கோடையில் தண்ணீர்த்துறையில் முதல் இடம்.

"எங்க அண்ணன் பேர் சொல்ல ஒரு காளான் இருக்கு. உங்க பேர் சொல்ல என்ன இருக்கு?" என்பாள் பவளக்கொடி.

"அதான் நானே இருக்கேனே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

முள்ளம்பன்றிக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? தணிகாசலத்துக்குப் பெயர் வேண்டும். ஆனால் சாகக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக மனசில் வைத்துக்கொண்டு அவர் மழைக்காலம் பூராவும் மோப்பம் பிடித்து அலைந்தார்.

கடைசியில் ஒருநாள், உளுத்து விழுந்த பலாமரத்தின் அடியில் அது கிடைத்தது. கத்தரிப்பூ நிறம். ஓரமெல்லாம் பாவாடை மாதிரி சுருக்கம். மற்ற காளான்களைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும். இதற்குப் பொடிப்பொடியாக முள் தொங்கியது. வாசனையோ வறுத்த கொத்தமல்லி. தணிகாசலத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நம்ம ஜாடையில் ஒரு காளானா என்று தடவித் தடவிப் பார்த்தார்.

காளானை அடையாளம் சொல்லும் அதிகாரி ஜம்புலிங்கம் என்ற கரடி. கரையான் புற்றில் சாய்ந்துகொண்டு, கழுத்தில் ஒரு செல்போனை மாட்டியிருப்பார். மலையேற வந்த யாரோ தொலைத்தது. சார்ஜ் போய் எந்தக் காலமோ ஆகிறது. ஆனால் அதை ஒரு தரம் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்தால்தான் காட்டில் எவனும் நம்புவான்.

ஜம்புலிங்கம் காளானை முகர்ந்தார். கீறிவிட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். குடையை இலையில் கவிழ்த்துவைத்து, உதிர்ந்த தூள் என்ன நிறம் என்று பார்த்தார். பிறகு போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாம் திருப்தி. தின்னு பாக்குறது ஒண்ணுதான் பாக்கி. யாரு?"

"நான்தான்," என்றார் தணிகாசலம்.

"வீட்ல கேட்டுக்கிட்டீங்களா?"

வீட்டில் கேட்பதென்ன. பவளக்கொடி முள்ளையெல்லாம் படியச் சீவிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

தணிகாசலத்தின் திட்டம் இதுதான்: காளானைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு கீழே விழுந்துவிடுவது. கூட்டம் கலைந்ததும் துப்பிவிடுவது. முள்ளம்பன்றிப் பிணத்தை எவன் தொட்டுப் பார்க்கப்போகிறான்? அதே மாதிரி விழுந்தார், காலை உதறினார், சுருண்டார். ஜம்புலிங்கம் தள்ளி நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, "போயிட்டார்," என்றார். குரங்குகள் ஓவென்று அழுதன. அதுகள் எதற்கும் அழும்.

ஆனால் பாருங்கள், அந்தக் காளான் வாய்க்குள் கரைய ஆரம்பித்தது. அப்படியொரு ருசி. தணிகாசலம் வேண்டாம் வேண்டாம் என்று நினைக்கும்போதே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அடக் கடவுளே, இனி நிஜமாகவே சாகணுமா என்று அவருக்குக் கத்தத் தோன்றியது. அசையவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சாவுக்குக் காத்துக் கிடந்தார்.

"என் ராசா," என்று பவளக்கொடி ஒப்பாரி வைத்தாள், "நாலு பேர் மதிக்கிற மாதிரி பண்ணிட்டீங்களே."

இத்தனை வருஷத்தில் அவள் அவரை ராசா என்றது அதுதான் முதல் தடவை. சாகிற நேரத்திலும் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. ஆனால் சாவு வரவில்லை. பசிதான் வந்தது.

கூட்டம் போனதும் பலாமரத்தடிக்கு ஓடினார். தணிகாசலக் காளான் கொடிய விஷம் என்று காடு முழுக்கத் தெரிந்துவிட்டதால் அந்தப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. அவர் ஒருவரே உட்கார்ந்து வழித்து வழித்துத் தின்றார். தின்று கொழுத்தார் என்றே சொல்லலாம். ஆனால் இவ்வளவு ருசியாக ஒன்றைத் தின்றுவிட்டு, பக்கத்தில் திரும்பி "நல்லா இருக்குல்ல" என்று கேட்க ஆளில்லாமல் போனால் அது என்ன பிழைப்பு? மழை நின்று கோடை வந்தது. காளானும் தீர்ந்து, காய்ந்த துண்டு ஒன்றுதான் மிஞ்சியது. அவருக்குப் பவளக்கொடி திட்டுவதைக்கூடக் கேட்கவேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குப் போகணும் என்று வாய்விட்டே அழுதார்.

நேரே ஜம்புலிங்கத்திடம் போனார். காத்திருந்தவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சொன்னார்.

"ஐயா, நான் தணிகாசலம். சாகலை. அது நல்ல காளான்."

"அது கொடிய விஷம். நான்தான் அடையாளம் சொன்னேன்."

தணிகாசலம் காய்ந்த துண்டை எல்லோர் முன்னாலும் மென்று விழுங்கினார். "பாருங்க, ஒண்ணும் ஆகலை."

"எப்படி ஆகும்?" என்றார் கரடி பொறுமையாக. "நீங்க தணிகாசலம்தான்னா, ஏற்கெனவே செத்துட்டீங்க. செத்தவரை விஷம் என்ன பண்ணும்? தணிகாசலம் இல்லேன்னா, நமக்குள்ள பேச்சே இல்லை."

வரிசையில் நின்றவர்களெல்லாம் தலையாட்டினார்கள். நியாயமாகத்தானே பேசுகிறார்.

"என் வீட்டுக்காரியைக் கூப்பிடுங்க. அவ சொல்லுவா."

பவளக்கொடி தண்ணீர்த்துறைக்குப் போகிற வழியில் வந்து நின்றாள். ஆள் ஒரு சுற்றுப் பருத்திருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்து முகர்ந்தும் பார்த்தாள். அவள் கண் கலங்கியதைத் தணிகாசலம் நன்றாகவே பார்த்தார்.

"பவளக்கொடி, நான்தான்," என்றார்.

அவள் கரடியிடம் திரும்பினாள்.

"இவர் இல்லைங்க. அவர் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஏய், இந்தான்னு கூப்பிடுவார், அவ்வளவுதான்."

அது நிஜம்தான். 

"அடையாளம் தெரியவில்லை," என்று சொல்லிவிட்டு ஜம்புலிங்கம் போனைத் தூக்கிப் பிடித்து அவரை ஒரு போட்டோ எடுத்தார். பவளக்கொடி தண்ணீர் குடிக்க நடந்தாள். மானும் மிளாவும் மரியாதையாக ஒதுங்கி நின்றன. அவற்றோடு தணிகாசலமும் ஒதுங்கி வழிவிட்டார்.

நீதி: செத்துப் பேர் வாங்கியவர், வீட்டில் கேட்காமல் உயிரோடு திரும்பி வரக் கூடாது.