வேட்டிக்குள் இருந்த ஆதாரம்

ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்தவன் நான். கோபத்தில் கெடுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்து, படித்தவனுக்கே உரிய நிதானத்தோடு கெடுத்தேன். காரணம், என் இடுப்புக்குக் கீழே, சொல்லக் கூசுகிற இடத்தில் புறப்பட்ட சில முடிச்சுகள்.

அந்த நல்ல மனிதர் ஏழுமலை. படவேட்டில் வாழை பயிரிடுகிறவர். என் மகள் மல்லிகாவின் மாமனார். நானோ வேலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்று, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சொந்த வீட்டுக்கே திரும்பி வந்தவன். மார்கழிக் குளிரில் சம்பந்தி எங்களைப் பார்க்க மலையேறி வந்து தங்கினார். விருந்தாளிக்குப் புதுப் போர்வை கொடுப்பது எங்கள் வீட்டில் மரியாதை ஆகாது. வீட்டுக்காரன் தான் போர்த்தும் கம்பளியையே எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அவர் ஊருக்குப் போனதும் அதை நானே மறுபடி போர்த்திக்கொண்டேன். பொங்கலுக்குள் அரிப்பு வந்துவிட்டது.

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஆராய்ந்தேன். (ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, மறு கையில் டார்ச். அறுபது தாண்டிய மனிதன் அந்தக் கோணத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ளவே கூடாது.) சிவந்து தடித்த சிறு முடிச்சுகள். கைபேசியில் தேடினேன். முதலில் வந்த நோய்கள் எல்லாம் ஒழுக்கம் கெட்டவர்களுக்கு உரியவை என்று எனக்குத் தோன்றியது. அதற்குக் கீழே புற்றுநோய். புற்றுநோயாக இருந்தால் கௌரவமாக இருக்குமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு முட்டாள்.

வாரச்சந்தை நாளில் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்குப் பின்னால் சாமை மூட்டையோடு நாலைந்து பேர்.

"இன்னா சார் வேணும்?" என்றாள் கடைப் பெண்.

"அரிப்புக்கு ஒரு களிம்பு."

"எங்க சார் அரிப்பு?"

"கையில்."

"கைய காட்டுங்க."

சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இருந்தது. இப்போ இல்லை."

"இல்லாததுக்கு எதுக்கு சார் மருந்து?"

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். ஏதோ ஒரு படை மருந்தைக் காட்டி வாங்கி வந்து பூசினேன். அப்புறம்தான் தெரிந்தது, என்னால் இன்னும் குதிக்க முடியும் என்று.

"இன்னாங்க, இன்னாத்துக்கு இப்டி ஆடறீங்க?" என்று கதவுக்கு வெளியே மனைவி பொன்னி கேட்டாள்.

"கட்டெறும்பு!"

"பாத்ரூம்ல ஏதுங்க கட்டெறும்பு?"

அன்று எரிச்சலோடு எரிச்சலாகத் துப்பறிந்தேன். நான் யோக்கியன். எனவே இது என்னால் வந்திருக்க முடியாது. கம்பளியை வேறு யார் போர்த்தினார்? சம்பந்தி. சம்பந்தி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு எங்கே போகிறார்? பெங்களூரு. இரவு எங்கே தங்குகிறார்? யாருக்குத் தெரியும்! ஒரு சோதனைக்குழாய்கூட இல்லாமல் முடிவுக்கு வந்துவிட்டேன்.

மாசியில் பேரனுக்குப் படவேட்டில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் மகன் குமரன். முந்தின நாளே போய் அந்த வீட்டில் தங்க வேண்டியவன். அவன் போகக் கூடாது என்றேன்.

"தாய்மாமன் மடி இல்லாம காது குத்துவாங்களா? உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் பொன்னி.

"அந்த வூட்ல நம்ம புள்ள தங்கக் கூடாது. சம்பந்தி நடத்தை சரியில்லை."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். எங்கிட்ட ஆதாரம் இருக்குது."

"காட்டுங்க."

காட்டக்கூடிய ஆதாரமா அது?

பொன்னி பொறுக்க முடியாமல் மல்லிகாவிடம் தொலைபேசியில் அழுதாள். மல்லிகா அழுததைப் பார்த்து மாமியார் கன்னியம்மா கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, எங்க அத்தை மாமாகிட்ட பேசறதே இல்ல. தட்டத் தள்ளி வெச்சிட்டு போய்டறாங்க. 'உங்கப்பா பொய் சொல்ல மாட்டாரே'ன்னு என்னத்தான் கேக்கறாங்க. பத்திரிகை குடுத்தாச்சுப்பா. நாளைக்கு நான் இந்த வூட்ல எப்டி வாழறது?"

என் மகளின் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேன் என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எனக்கு வேறு யோசனை வந்தது. டாக்டர் வாயாலேயே நோயின் பெயரை வாங்கிவிட்டால் என் பக்கம் வலுத்துவிடும். அமிர்தி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து வேலூரில் தோல் மருத்துவரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண்.

"சொல்லுங்க ஐயா."

"இடுப்பிற்குக் கீழ்ப்பட்ட பகுதியில் சில புடைப்புகள்" என்றேன், கூரையைப் பார்த்தபடி.

"முதல்ல கைய நீட்டுங்க."

விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இருந்த சிறு கொப்புளங்களை நான் கவனித்ததே இல்லை. (கவனமெல்லாம் தெற்கே இருந்தது.) பிறகு திரைக்குப் பின்னால், ஆண் உதவியாளரை வைத்துக்கொண்டு, மீதியையும் பார்த்தார். அரை நிமிட வேலை. அதற்காக ஒரு மாதம் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

"ராத்திரியில அதிகமா அரிக்குமா?"

"ஆமாம்மா. கெட்ட நோயா?"

"சொறிதாங்க ஐயா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள்ள போய் முட்டை வைக்குது. அந்த இடத்துல இப்படி முடிச்சா வர்றது சகஜம். நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒண்ணாப் படுத்தாலோ, போர்வையைப் பகிர்ந்தாலோ போதும். அரிப்பு ஆரம்பிக்கவே நாலைஞ்சு வாரம் ஆகும். அதுக்கு முன்னால வெளியில எங்கயாவது தங்குனீங்களா?"

கார்த்திகையில், நண்பர் மகன் கல்யாணத்தில், மண்டபத்து வாடகை மெத்தையில் கல்லூரிப் பையன்களோடு கும்பலாகப் படுத்துப் புரண்டது நினைவுக்கு வந்தது. அது சம்பந்தி வருவதற்கு முந்தின மாதம். அப்படியானால் கம்பளிக்குள் பூச்சியை வைத்து, மரியாதையாக மடித்து, விருந்தாளியிடம் நீட்டியவன் நான்தான்.

"வீட்ல இருக்கிறவங்க, கம்பளியைப் போர்த்தினவங்க, அவங்க வீட்டுக்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துலேர்ந்து பாதம் வரைக்கும் இந்தக் களிம்பு பூசணும். ஒருத்தர் விட்டாலும் திரும்ப வந்துடும். அடுத்த வாரம் இன்னொரு தடவை."

வெளியே சொல்லாமல் குணமாக வழியே இல்லாத நோய்.

பொன்னியிடம் சொன்னேன். அவள் சேலை மடிப்பை விலக்கி வயிற்றைக் காட்டினாள். "எனக்கும்தான் அரிக்குது. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துது" என்றாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் தனித்தனியாகச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஒரு பை நிறையக் களிம்போடு படவேட்டுக்குப் போனேன். ஏழுமலை, கன்னியம்மா, மல்லிகா, மாப்பிள்ளை எல்லோரையும் உட்கார வைத்து, இடம் உட்பட எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ எனக்கும் அதானா சம்பந்தி? கொஞ்ச நாளா பம்புசெட் ரூம்ல ஒளிஞ்சி ஒளிஞ்சி சொறிஞ்சினு கீறேன். இன்னா பாவம் பண்ணேனோன்னு மொட்ட போட வேண்டிக்கினேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்களுக்கு வந்தப்போ எம்மேல சந்தேகப்பட்டீங்க. எனக்கு வந்தப்போ நானும் எம்மேலதான் சந்தேகப்பட்டேன்."

பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. "வூட்டுக்குள்ள சொன்னா போதுமா? இந்தப் பேச்சு எங்க அண்ணன் தம்பி வூடு வரைக்கும் போயிருக்குது. காது குத்தன்னிக்கு அவங்க எதிர்ல சொல்லுங்க" என்றார்.

இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் பூசிக்கொண்டோம். போர்வைகளை வெந்நீரில் போட்டோம். காது குத்தும் நாளில் குமரன் மடியில் பேரன் வீறிட்டு அழுது ஓய்ந்ததும், பாட்டுப் போடுகிறவரிடம் மைக்கை வாங்கினேன்.

"எங்க சம்பந்தி உத்தமர். நான் சொன்னது பொய். எனக்கு வந்தது சொறி. அவருக்கு வந்ததும் என்னால் வந்த சொறி" என்றேன். பந்தலுக்கு வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோனது. மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகையோ என்று பயந்தேன். சிரிப்புதான். கன்னியம்மா கணவருக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வசதியும் ஏற்பட்டது. வெளியே சொல்ல முடியாத இடத்தில் எது வந்தாலும், படவேட்டு ஆண்கள் என்னிடம் வருகிறார்கள். "அவருக்கு வெக்கம் போயிடுச்சி, அவருகிட்ட சொல்லு" என்று ஏழுமலையே அனுப்பி வைக்கிறார். நானும் அவர்களை அந்த டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

கன்னியம்மா என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. குடும்பத்தில் எதைப் பற்றியாவது நான் கருத்துச் சொல்ல ஆரம்பித்தால், தலையைத் திருப்பாமலே ஒன்று சொல்வார். வீடே அதற்காகக் காத்திருந்து சிரிக்கும். போன வாரம்கூட, மேற்கே கறுத்திருந்த வானத்தைப் பார்த்து, "மழை வரும் போலிருக்கே" என்றேன்.

"மொதல்ல டாக்டரு சொல்லட்டும் சம்பந்தி. அப்புறம் நீங்க வாயத் தொறங்க."